எலிகளுக்கு மாட்டுப் பொங்கல்

கும்மிடிப்பூண்டி,
தை 5.

ஆர்.கே.பேட்டை மச்சான் முனுசாமி அவர்களுக்கு, சின்னதுரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை கோவிந்தம்மா, என் பொறுப்பில் உள்ள நூறு எலிகள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் மாடு கன்றும் சுகமாக இருக்க வேண்டும்.

என் வேலைக்குச் சிபாரிசு செய்தவர் நீங்கள் என்பதால், அடுத்தவர் வாயால் கேள்விப்படும் முன் நானே சொல்லிவிடுகிறேன். டீயில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிறார்களே, அந்த இனிப்புத் தூள் புற்றுநோய் கொண்டுவருமா என்றுதான் எங்கள் லேபில் இரண்டு வருஷமாகப் பார்க்கிறார்கள். இடது பக்கத்து ஐம்பது எலிகளுக்குத் தீனியில் தூள் உண்டு, வலது பக்கத்து ஐம்பதுக்கு வெறும் தீனி. கடைசியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும், ஆகையால் வலது பக்கத்துக்கு அந்தத் தூள் வாசனைகூடப் படக்கூடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மாட்டுப் பொங்கலன்று, சோறு போடுகிற ஜீவனுக்குப் பொங்கல் வைக்காமல் நம் ஊட்டில் யாராவது சாப்பிட்டிருக்கிறோமா? எனக்கு மாடு ஏது, இதுங்கதான். இடது பக்கத்துப் பிள்ளைகள் தினமும் இனிப்பு தின்னுதுங்க, வலது பக்கம் பிறந்ததிலிருந்து ஒரே சப்பைத் தீனி, பார்க்கப் பாவமா இருந்துச்சு. உங்கள் தங்கை செய்த சர்க்கரைப் பொங்கலை (சுகர்காரன் எனக்கே இந்த வருஷம் மூணு கரண்டி வச்சாளே, மனசு இளகிடுச்சுன்னு நினைச்சேன்) டப்பாவில் கொண்டுபோய், வலது பக்கம் கூண்டுக்கு ஒரு உருண்டை வைத்து, கம்பியில் குங்குமமும் வச்சுட்டேன்.

மறுநாள் காயத்ரி மேடம், இந்த ஆராய்ச்சிக்கே பொறுப்பு அவங்கதான், ஒரு எலி முந்திரி கடிச்சுக்கினு இருக்கிறதைப் பார்த்துட்டாங்க. கத்தவில்லை.

"இதுல இன்னா போட்டீங்க துரை?"

"அரிசி, பருப்பு, வெல்லம், நெய்யி, முந்திரி. அம்மா சத்தியமா வேற ஒண்ணும் இல்ல மேடம்."

"வெல்லம்னா ஒருநாள் தப்புன்னு எழுதி வெச்சுக்கலாம். அந்தத் தூள் மட்டும் போயிருந்தா ரெண்டு வருஷமும் வீண். உங்க வேலையும் போயிருக்கும்."

வெல்லம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வேலை தப்பித்தது, உங்கள் பேரும் தப்பித்தது. நிம்மதியாக இருங்கள். பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி, மாடுகளுக்கு என் சார்பில் ஒரு பிடி புல்.

இப்படிக்கு,
சின்னதுரை

பி.கு.: கவரை ஒட்டும் முன் இதை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். வெல்லம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "உனுக்கு சுகர் கீது, வெல்லத்தயா கொட்டுவாங்க? கலருக்கு ஒரு துண்டு போட்டேன். மீதியெல்லாம் நீ டீல போட்டுக்கினு குடிக்கிறியே, அந்தத் தூளுதான்" என்கிறாள். அதே தூள் மச்சான், டப்பாவைப் பார்த்துவிட்டேன். ஏழு வருஷமாக அதைக் குடிக்கிறவன் நான், அதைப் பற்றி ஒரு பொய்யான முடிவு என் கையெழுத்தோடு வெளியே போகக் கூடாது. காலையில் முதல் வேலையாக மேடத்திடம் சொல்லிவிடுவேன். உங்கள் வயலில் எலித் தொல்லை இருந்தால் எழுதவும். வந்து பிடித்துத் தருகிறேன். அடிக்க மட்டும் சொல்லாதீர்கள்.