ஃப்ரிட்ஜுக்குள் பாம்பு

மனநலம் படித்தவர்கள் வீட்டில் யார் பேச்சையும் காதில் வாங்குவதில்லை. இது எங்கள் வீட்டு நான்கு சுவருக்குள் இருக்கிற ரகசியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வகுப்பில் ஊருக்கே தெரிந்துபோயிற்று.

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் மருத்துவ உளவியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த முதல் வருடம். என் வேலையை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, துறைத் தலைவி சூசன் மேடம் ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் வகுப்பைப் பார்ப்பார். பாடம், நோயாளியிடம் முதல் தடவை பேசுவது எப்படி. புத்தகத்தைப் படித்தா காட்டுவது? நேரில் நடத்தியே காட்டி அசத்திவிடுவதென்று எனக்குத் துடிப்பு. (துடிப்புக்கு என்றைக்கும் குறைச்சலில்லை.) நோயாளியாக நடிக்க நாடகக்காரத் தோழி ரஞ்சினியை ஏற்பாடு செய்திருந்தேன். அன்று காலையில் பார்த்து அவளுக்குக் காய்ச்சல்.

தலையில் கைவைத்து வராந்தாவில் நின்றபோது அம்மா வந்தாள். நான் தேறவேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, பிரசாதத்தோடு நேரே காலேஜுக்கே வந்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. (பிள்ளையார் கொடுத்த யோசனை இல்லை. அவர் அப்படியெல்லாம் செய்யமாட்டார்.)

“அம்மா, ராத்திரி ஒறக்கம் வரல்ல, பஸ்ல ஏறப் பயமா இருக்குன்னு சொல்லணும். அம்புட்டுதான். என் அம்மான்னு மட்டும் காட்டிக்காத.”

“இது என்னட்டி பெரிய காரியம்? நான் பாக்காத சீரியலா?”

அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். சொந்தக்காரர்களை ஒருபோதும் நோயாளியாக எடுக்கக் கூடாது என்று போன வாரம் அதே வகுப்பில் முழங்கியவளும் நான்தான். இது வெறும் நடிப்புத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: மறுத்துப் பேசாதே, வாதாடாதே, புத்தி சொல்லாதே, கேள். அதற்கு நேர் கீழே நாற்காலியில் அம்மா, மடியில் கைப்பையோடு.

“என்ன கஷ்டம்னு சொல்லுங்கம்மா” என்றேன், குரலில் தேன் ஒழுக.

“ஒறக்கமே இல்ல டீச்சர்.”

ஆகா! “எப்போலேருந்து?”

“எம் மவ வேலைக்குப் போன நாள்லேருந்து.”

பஸ் எங்கே? பஸ்ஸைக் காணோம். ஆனால் பழகிய வாய் சும்மா இருக்குமா? “அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க” என்று தானாகவே சொல்லித் தொலைத்தது.

“ஊர்ல உள்ளவன் சொல்லதையெல்லாம் உக்காந்து பொறுமையாக் கேப்பா டீச்சர். நான் முட்டு வலிக்குன்னு சொன்னா, போன நோண்டிட்டே ‘ம்’னு சொல்லுவா. நேத்து சோதிச்சுப் பாத்தேன். ‘ஏட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ள பாம்பு கெடக்கு’ன்னேன். ‘சரிம்மா, மூடி வையி’ன்னா.”

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. (அம்மாவுடையது பாதி நாஞ்சில் தமிழ், பாதி மலையாளம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் தப்பாது.) எனக்குக் காதெல்லாம் சுட்டது. மறுத்துப் பேசக் கூடாதே! பல்லைக் கடித்துக்கொண்டு, “மகள் கேக்கலேன்னு உங்களுக்கு வருத்தமா இருக்கு” என்று அவள் சொன்னதையே அவளுக்குத் திருப்பிச் சொன்னேன்.

“இருக்காதா பின்ன? பாலராமபுரத்துப் பையன், பேங்க் வேல, தங்கமான குணம். போட்டோவப் பாத்துட்டு காது சரியில்லன்னுட்டா டீச்சர்!”

“அம்மா! காதுன்னா சொன்னேன்? மூக்குன்னுல்லா சொன்னேன்!”

அவ்வளவுதான். முன்வரிசை ஜிஷ்ணு மெல்லக் கையைத் தூக்கினான். “சொந்தக்காரங்கள எடுக்கக் கூடாதுன்னு மேடமல்லே பறஞ்ஞது?”

கடைசி பெஞ்சிலிருந்து சூசன் மேடம் எழுந்து வந்தார். போச்சு, வேலை போச்சு, உடைத்த தேங்காயும் போச்சு என்று நினைத்தேன். மேடம் என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றுமே கேட்கவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தார்.

அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு குரல் இறங்கியது. “கொற சொல்லதுக்கில்ல மேடம். நாள் பூரா ஊரான் சங்கடத்தக் கேட்டுட்டு வாடிப்போயி வருவா. அவ சங்கடத்த ஆரு கேப்பா? அத நெனச்சாத்தான் ஒறக்கம் வரல்ல.”

மாணவர்கள் முன்னால் அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மேடம் சும்மா இருந்தே வாங்கிய பதில் அது. நான் கேள்வி கேட்டுக் கேட்டு வாங்கியது பாம்பு மட்டும்.

அடுத்த பருவத்தில் இன்னொரு வகுப்பு எடுத்துக் காட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. “அம்மா இல்லாமல்” என்று மேடம் அடியில் கையால் எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து நான் போனை எடுத்தால் போதும், “பாம்பு!” என்பான் தம்பி. சாலை பஜாரில் பருப்புக் கடை வைத்திருக்கிற அப்பா, வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் போனாலே சிரிக்கிறார்கள்.

இரண்டாவது வகுப்பில் தேறினேன். உத்தரவு கைக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, வேல நிரந்தரமாயிட்டு!”

“ம். சரிட்டி, மூடி வையி.”

முகத்தைக்கூடத் திருப்பவில்லை. எனக்கு வந்ததே கோபம்! திட்ட வாயைத் திறந்த பிறகுதான் கவனித்தேன், டிவி ஓடவே இல்லை.