முட்டைத் தட்டு சாய்க்கும் டைமர் பற்றி மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தையும் இங்கு சுகம். உங்கள் சுகத்தையும் என் மகளின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். நீங்கள் செய்து கொடுத்த குஞ்சு பொரிக்கும் இயந்திரத்துக்கு மட்டும் சுகமில்லை.

இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகள் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்: "அப்பா, அவர் ஆபீஸ் வேலையை விட்டுட்டு இந்த மெஷினைத்தான் நம்பியிருக்கார். நம்ம பண்ணையில நல்லா ஓடினாத்தான் மத்தவங்க வாங்குவாங்க. அவரை ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க." ஆகவே நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறேன். அதுவும் பாராட்டுக் கடிதமாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீங்கள் இயந்திரத்தைப் பொருத்திவிட்டுக் கிளம்பும் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. அதாவது, அதுவரை நாம் அதை ஓடவிடவில்லை. அடைகாக்கும் கோழி அவ்வப்போது முட்டையைப் புரட்டிக்கொள்ளும், அதற்குப் பதிலாக இந்த இயந்திரம் ஒரு மணிக்கொரு தரம் தட்டை ஒரு பக்கம் சாய்க்கும், அடுத்த மணியில் மறுபக்கம் சாய்க்கும், நாம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், சூடு போய்விடும் என்பதால் கதவை மட்டும் திறக்கக் கூடாது என்று நீங்கள் விளக்கியது எனக்கு நன்றாகப் புரிந்தது. முட்டைகளை அடுக்கினேன். சுவிட்சைப் போட்டேன். தட்டு இடப்பக்கம் சாய்ந்தது. பெருமையில் கைதட்டினேன். கைதட்டி முடிப்பதற்குள் வலப்பக்கம் சாய்ந்தது. உடனே இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். நாலு வினாடிக்கு ஒரு சாய்வு. உங்கள் அத்தை சற்று நேரம் பார்த்தாள், பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வெளியிலிருந்து பார்த்தவளுக்கே இந்த நிலை என்றால் உள்ளே இருந்தவற்றை நினைத்துப் பாருங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு உங்களுக்குப் போன் செய்ய வாசலுக்கு ஓடினேன். வீட்டுக்குள் போன் சிக்னல் கிடைக்காது; இயந்திரத்துக்கு மட்டும்தான் நீங்கள் இன்டர்நெட் கம்பி இழுத்துவிட்டிருக்கிறீர்கள்.

"அடடா, சின்ன விஷயம் மாமா," என்றீர்கள். "அந்தச் சிப்புக்குள்ளயும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கு. அதுக்கு டைமர்தான் நாடித் துடிப்பு. ஒரு மணி நேரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு வினாடி, அதனால மூவாயிரத்து அறுநூறுன்னு போட்டேன். அந்த டைமர் வினாடியில எண்ணல, மில்லி செகண்டுல எண்ணுது."

"அதுக்கு யார் சொன்னாங்க அப்படி எண்ணச் சொல்லி?" என்றேன்.

"நான்தான் மாமா," என்றீர்கள்.

அந்த நேர்மையை நான் மெச்சுகிறேன். அன்று சாயங்காலமே ஆயிரத்தால் பெருக்கிப் புதுப் புரோகிராம் அனுப்பினீர்கள். இயந்திரம் நிதானப்பட்டது. இப்போது நிமிடத்துக்கு ஒரு தரம் சாய்ந்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் மணி வேறு, நிமிடம் வேறு என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருப்பதால் திரும்பவும் வாசலுக்குப் போனேன்.

"எண் பெரிசாயிடுச்சு மாமா. முப்பத்தாறு லட்சம். டைமர்ல எண்ணை வைக்கிற இடம் சின்னது, அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சத்துக்கு மேல கொள்ளாது. வழிஞ்சது வழிஞ்சு போக, மிச்சம் நின்ன எண்ணைத்தான் அது எண்ணுது."

டம்ளரில் குடத்துத் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். வழிந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்க நினைத்தேன், மாப்பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வியாகப் பட்டது. நீங்கள் பெரிய இடமாகப் பார்த்து எண்ணை வைத்தீர்கள். இத்தனை ஆட்டம் கண்ட முட்டைகள் இனியாவது அலுங்காமல் இருக்கட்டும் என்று தட்டு மிக மெல்லச் சாயும்படியும் செய்தீர்கள். நல்ல மனசு. அந்த நல்ல மனசில்தான் மூன்றாவது வினை ஆரம்பித்தது.

தட்டு மெல்லச் சாயத் தொடங்கும். பாதி வழியில், அடுப்பை அணைத்தோமா என்று திடீரென்று யோசிக்கிறவரைப் போல நிற்கும். திரும்பிப் போய்ச் சமமாகும். மறுபடி சாயத் தொடங்கும். மறுபடி சந்தேகம். ஒரு பகல் முழுக்க இதே கதை. நீங்கள் போனில் கவலையோடு சொன்னது இது: "சிப்புக்குக் காவலா வாட்ச்டாக்னு ஒண்ணு இருக்கு, அது கடிக்குது மாமா. அதுக்கு நேரத்துக்குத் தீனி போட்டுக்கிட்டே இருக்கணும். தட்டு சாயற வரைக்கும் யாரும் போடல. அது பட்டினி தாங்காம எல்லாத்தையும் ரீசெட் பண்ணிடுது."

மாப்பிள்ளை, இதை நீங்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாம். நம் வீட்டில் நாய் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். உடனே பக்கத்துப் பட்டறைக்காரரிடம் போய் நின்றேன்.

"உங்க நாயைக் கொஞ்சநாள் குடுங்க. மெஷினுக்கு வேணும்."

"மெஷினுக்கா? அது அங்க என்ன வேலை பண்ணும்?"

"அது ஒண்ணும் பண்ண வேண்டாம். சாப்பிட்டாப் போதும்."

"அப்படின்னா தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. அதுல அவன் கெட்டிக்காரன்."

இயந்திரத்தின் பக்கத்தில் சாக்கை விரித்து நாயை உட்கார வைத்தேன். தட்டு அசைய ஆரம்பித்ததும் ஒரு பிஸ்கட் போட்டேன். நம்பமாட்டீர்கள், தட்டு நிற்காமல் கடைசி வரை சாய்ந்தது! அதே சமயம் நீங்களும் புரோகிராமை மாற்றி அனுப்பியிருந்ததாகப் பிறகு சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் என் கண்ணால் நான் கண்டது பிஸ்கட். அன்று முதல் மணிக்கொரு பிஸ்கட் தவறவில்லை. நாய் இப்போது பெஞ்சு அகலம் ஆகிவிட்டது. பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது என் நாயா, இல்ல ரெண்டு நாயா?" என்று கேட்டார்.

இனி எழுதக் கை கூசுகிறது. இன்று குஞ்சு பொரிய வேண்டிய நாள். குஞ்சுகளுக்குச் சொல்லிவைத்திருந்த அடுத்த பண்ணைக்காரர் விடிந்ததும் அட்டைப் பெட்டிகளோடு வந்துவிட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஒரு விரிசல் இல்லை, ஒரு கீச்சுச் சத்தம் இல்லை. அத்தனையும் வழுவழுவென்று, ஆட்டத்தில் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டவை மாதிரி இருந்தன. "கதவைத் திறந்துதான் பார்ப்போமே," என்று அவர் கையை நீட்டினார். நாய் அவர் கால்சட்டையைக் கவ்விவிட்டது. வாட்ச்டாக் கடிக்கும் என்று நீங்கள் சொன்னதில் மட்டும் பிழையே இல்லை. அவர் கிழிந்த கால்சட்டையோடு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் அத்தை அவருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். அவள் முகத்தில் கொஞ்சமும் வருத்தம் இல்லாதது எனக்கு அதைவிட வருத்தமாக இருக்கிறது.

ஆகையால் மாப்பிள்ளை, மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறேன். தயவுசெய்து வந்து இயந்திரத்தை எடுத்துப் போய்விடுங்கள். பழைய ஆபீசில் உங்கள் நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறதா என்றும் நாசூக்காக விசாரியுங்கள். என் மகளிடம் இதை நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். நீங்களே யோசித்ததாகச் சொல்லுங்கள், அவள் நம்புவாள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், வைத்த எண் வைத்த இடத்தில் வழியாமல் நிற்க, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் விரும்பும் மாமனார்

பி.கு.: மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது தீவன மூட்டை அறையிலிருந்து கீச்சுகீச்சென்று ஒரே இரைச்சல். போய்ப் பார்த்தால் கையால் தட்டைச் சாய்க்கும் நம் பழைய பொரிப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, தட்டு நிறையக் குஞ்சுகள்! முதல் நாள் நான் போன் பேச வாசலுக்குப் போன நேரத்தில் உங்கள் அத்தை நல்ல முட்டைகளை எல்லாம் இங்கே மாற்றிவிட்டு, உங்கள் இயந்திரத்தில் சுண்ணாம்பில் செய்த பொய் முட்டைகளை அடுக்கிவிட்டாளாம். புதுக் கோழிகளைக் கூட்டில் முட்டையிடப் பழக்குவதற்கு வைப்போமே, அந்த முட்டைகள். "மாப்பிள்ளை முகமும் வாடக்கூடாது, முட்டையும் கெடக்கூடாது, வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" என்கிறாள். மூன்று வாரமாக அவள் மணிக்கொரு தரம் எழுந்துபோய்க் கையால் தட்டைச் சாய்த்திருக்கிறாள். நான் அதை ஏதோ முட்டிவலி என்று நினைத்துத் தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் அவசரத்தில் ஒரே ஒரு நல்ல முட்டையை உங்கள் இயந்திரத்திலேயே விட்டுவிட்டாள் போலிருக்கிறது. எல்லா ஆட்டத்தையும் தாங்கிக்கொண்டு அதுவும் மத்தியானம் பொரிந்துவிட்டது. நல்ல ஆரோக்கியமான குஞ்சு. இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. நிமிர்த்தி விட்டாலும் அப்படியே சாய்கிறது. வருத்தப்பட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சரியாக ஒரு மணி நேரம் ஆனதும் தானாக வலப்பக்கம் சாய்ந்தது. பண்ணைக்காரரும் தன் கைக்கடிகாரத்தில் பார்த்தார், வினாடி பிசகவில்லை. பழைய ஆபீசுக்குப் போன் கீன் செய்துவிடாதீர்கள். இயந்திரம் அவருக்கும் ஒன்று வேண்டுமாம்.