மூன்று பைட் அநியாயம்

லிஃப்டில் மாடி எண் காட்டும் பலகையில் வரவேற்பு வாசகம் ஓட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. நினைவகத்திலோ துளி இடமில்லை. காலையில் வாடிக்கையாளர் வருகிறார்.

"அவர் கையெழுத்துப் போட்டா உனக்கு வேலை நிரந்தரம். போடலேன்னா நீயும் கிளம்பு" என்று முதலாளி அன்பொழுகச் சொல்லியிருந்தார்.

புரோகிராம் எழுதுபவரை எல்லோரும் 'சிக்கனம்' என்றே கூப்பிடுவார்கள். தீர்ந்துபோன பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழிக்கிற ஆசாமி. நினைவகத்தைத் துழாவியவருக்கு வயிறு எரிந்தது. லிஃப்டின் நிலவரத்தைக் குறிக்கும் ஒவ்வொரு பதிவிலும் கதவு திறந்திருக்கிறதா என்பதற்கு ஒரு பைட், பிறகு மூன்று பைட் சும்மா, அதற்கப்புறம்தான் மாடி எண்.

"என்ன அநியாயம்! யார் அப்பன் வீட்டுச் சொத்து?"

"நாம எழுதுறதை சிப்புக்குப் புரியுற மாதிரி மாத்துற கம்பைலர் விடுற இடைவெளி சார்" என்றாள் சோதனைப் பிரிவுப் பெண். "மாடி எண் நாலு பைட். நாலால வகுபடுற முகவரியில ஆரம்பிச்சாத்தான் சிப் ஒழுங்காப் படிக்கும். கை வைக்காதீங்க."

வைத்தார். எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கினார். வாசகம் ஜம்மென்று ஏறியது. ஆனால் தனிப் புரோகிராமில் ஓடும் பலகை பழைய இடைவெளிக் கணக்கிலேயே படித்ததால், தரைத்தளத்தில் நின்றபடி கோடிச் சொச்சமாவது மாடி என்றது.

பலகையின் புரோகிராமையும் நெருக்கினார். அதன் சிப் அரதப் பழசு. ஒற்றைப்படை முகவரியைக் கண்டதும் அப்படியே உறைந்துவிட்டது.

"சரி, வரிசையை மாத்துவோம். பெருசெல்லாம் முன்னால, பொடிசெல்லாம் பின்னால. இடைவெளியே தேவைப்படாது!"

பலகை சரியாகப் படித்தது. சிக்கனம் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

"கதவோட புரோகிராமுக்கும் புது வரிசையைச் சொல்லிட்டீங்களா சார்?"

"கதவுல என்னம்மா பிரமாதமா இருக்கு?"

காலையில் முதலாளியும் வாடிக்கையாளரும் லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடியது. மூடியதுதான்; திறக்கவேயில்லை. உள்ளிருந்து முதலாளியின் குரல் மட்டும் மூச்சுவிடாமல் கேட்டது.

"என்னைத்தான் கிழிக்கிறார். போச்சு, என் பொழைப்பே போச்சு!" என்று பதறினார் சிக்கனம்.

பழைய புரோகிராமையே திரும்ப ஏற்றினார், அந்த மூன்று பைட் அநியாயத்தோடு. கதவு திறந்தது. முதலாளி பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வந்தார். பின்னால் தள்ளாடி வந்த வாடிக்கையாளர் சிக்கனத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி திறந்திருக்கக் கூடாதா தம்பி? இந்த மனுஷன் வாயை மூடினாப் போதும்னு கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிட்டேனே!"