பின்பிரேக் வென்ற படலம்

வாழ்க சொத்தைப்பல் சங்காரன். வாழ்க கடைவாய்க் காலன். வேர்வரை சென்று வினைமுடிக்கும் வித்தகன், வலிக்காது என்ற ஒரே பொய்யால் ஊரையே வாய் திறக்க வைத்தவன், வெறுங்கையால் அழுக்கைத் தீண்டாக் கரமலரோன் நீடு வாழ்க. கிரீஸ் எனும் கருஞ்சாந்தே, எம் நாவில் வந்து அமர வேண்டாம், எட்ட நின்று அருள்க. நட்டுகளே, இக்கதை முடியும்வரை சாக்கடைப் பக்கம் உருளாதிருங்கள். பல் வைத்தியன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுக் கார் ஷெட்டில், தன் காரின் பின்பிரேக்குகளோடு பொருத பெருங்கதையை இனிச் சொல்லப் புகுகிறோம்.

பகைக்கு வித்து ஓர் ஓசை. சில மாதங்களாகவே, பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் வண்டியின் பின்புறத்தே ‘டங்’ என்றொரு முழக்கம் எழுந்து தலைவனின் செவிப்பறையைச் சீண்டி வந்தது. அடுத்த தெருவில் பட்டறை வைத்திருப்பவன் தலைவியின் சொந்தத் தம்பி. ஆயினும் அவனிடம் போக வழியில்லை. மழைநாள் ஒன்றில் நடுவழியில் டயர் பஞ்சரானபோது, கொட்டும் மழையில் முழங்காலிட்டு ஸ்டெப்னியை மாட்டியவன் அத்தம்பியே. கடைசி நட்டை இறுக்கும் பெருமையை மட்டும் நம் தலைவன் வலியக் கேட்டு வாங்கிக்கொண்டான். அன்றோடு வீல் ஸ்பேனரைக் காணவில்லை. அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில், “எடுத்த சாமான எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதவன்” என்று தலைவன் திருவாய் மலர்ந்தருள, மைத்துனன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிப் போனான்; பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. ஞாயிறுதோறும் தலைவி பழக்கதோஷத்தில் ஒரு தட்டைக் கூடுதலாக எடுப்பாள். எடுத்த தட்டைத் துடைத்து அலமாரியில் திரும்ப வைப்பாள்.

“தம்பிகிட்ட ஒரு தடவ காட்டிரலாமேங்க” என்று அவள் அன்று காலை மெல்லச் சொன்னதுதான் தாமதம், தலைவன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்து, வலக்கை உயர்த்தி, வஞ்சினம் உரைத்தான்: “என் ஸ்பேனர் வீடு வந்து சேர்ற வரைக்கும் அவன் பட்டறைப் பக்கம் இந்த வண்டி திரும்பாது. ஊர்ப்பட்ட கடைவாய்ப் பல்லப் பிடுங்குன கை இது. பிரேக்கு எம்மாத்திரம்?” அதைக் கேட்டுக் கொடியில் காய்ந்த துணிகளெல்லாம் நடுங்கின. காற்றும் கொஞ்சம் அடித்தது.

ஓட்டைப் பனியனே கவசமாக, நெற்றியில் கட்டிய மருத்துவமனை விளக்கே மணிமுடியாக, வீம்புக்கென்றே வாங்கிய புது ஸ்பேனர் வலக்கையில் மின்ன, முன் சக்கரங்களுக்குச் செங்கல் அண்டக் கொடுத்து, ஜாக்கி எனும் ஒற்றைக்கால் யானையின் மேல் வண்டியின் பின்புறத்தை ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, சக்கரம் களைந்து, உள்ளே பிரேக்கை மூடிக் காத்து நின்ற டிரம் எனும் வட்டக்கோட்டையின்முன் தலைவன் சென்று நின்றான். இழுத்தான்; அசையவில்லை. சுத்தியலால் தட்டினான், அசையவில்லை. துருப்பிடித்த திசைகளிலெல்லாம் எண்ணெய் வார்த்து, நோயாளியிடம் பேசும் இன்குரலில், “கொஞ்சம் லூசா விடுங்க, அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு” என்று ஆறுதல் மொழிந்து, பின்னர்க் காலை உதைத்து மல்லாந்து விழுமளவும் இழுத்தான். எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒரு மணிநேரம் கோட்டை கலங்கவில்லை. கலங்கியது தலைவனின் இடுப்பே.

நின்று கால் கடுத்து ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்திருந்த தலைவி, எதற்கோ கையை ஊன்றப் போனவள், சற்றே தயங்கி, “ஹேண்ட்பிரேக் போட்டே இருக்கேங்க, எடுத்துரவா?” என்றாள்.

காவியத்தில் இவ்விடத்தே ஓர் ஏடு செல்லரித்துப் போய்விட்டது. அடுத்த ஏட்டில் டிரம், சமர்த்துப் பிள்ளையாகத் தலைவனின் மடியில் கிடக்கிறது.

உள்ளே நெருங்கி நின்றன ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றும் ஓராயிரம் வன்மத்தை முறுக்கி வைத்தவை. முதல் ஸ்பிரிங் விடுபட்ட கணத்தில் காதோரம் சீறிப் பறந்து செம்பருத்தித் தொட்டிக்குள் புகுந்தது. நம் தலைவனா அஞ்சுபவன்? வாய்க்கண்ணாடியால் இண்டு இடுக்கெல்லாம் நோக்கி, பல் பிடுங்கும் இடுக்கியால் ஸ்பிரிங்குகளைக் கொத்தாகப் பிடித்து, இடப்பக்கம் முடித்து, வலப்பக்கம் புகுந்து, மூக்கில் கிரீஸ் திலகமும் முழங்கையில் விழுப்புண்ணும் தாங்கி, டிரம்மோடு உரசித் தேய்வதற்கென்றே உள்ள பழைய பிரேக் ஷூக்களைத் தோற்றோடிய பகைவரின் கேடயங்கள்போல் தரையில் வரிசையாக எறிந்தான். தலைவி அவற்றிலொன்றை எடுத்து, மாட்டுவதற்காக அட்டைப்பெட்டியில் காத்துக் கிடந்த கடைசிப் புது ஷூவோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்து, “ரெண்டும் ஒரே தடிமனாத்தான இருக்கு?” என்றாள். வெற்றிக் களிப்பில் இருப்பவர்களுக்கு இதுபோன்ற கேள்விகள் காதில் விழுவதில்லை.

வெயில் சாய, சக்கரம் பூட்டி, பிரேக்கை மிதித்து மிதித்துப் பதம் பார்த்து, தேரேறினான் தலைவன், பக்கத்தில் தலைவி. எதிர்வீட்டுக்காரர் கைகூப்பி வழியனுப்பினார். தெருமுனை வேகத்தடை நெருங்க, தலைவன் ஒரு புன்னகையோடு பிரேக்கை மிதித்தான். வண்டி அழகாக நின்றது.

‘டங்’.

மறுபடி ஓட்டி, மறுபடி மிதித்தான். மறுபடி ‘டங்’. தலைவி கை காட்டி நிறுத்தச் சொன்னாள், இறங்கினாள், பின்கதவைத் திறந்து குனிந்து, முன் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, ஒரு நீள இரும்பை வெளியே இழுத்தாள். தொலைந்த ஸ்பேனர். கை அழுக்காகக் கூடாதென்று அதன் பிடியில் பத்திரமாகச் சுற்றியிருந்தது, தலைவனின் நீலக்கட்டம் போட்ட கைக்குட்டை.

அண்டம் இடிந்ததோ, அலைகடல் வற்றியதோ, கடைவாய்க் காலனின் வாய் அன்று முதன்முறையாக மருத்துவம் வேண்டாமலே அகலத் திறந்து நின்றது. தலைவி தம்பியின் எண்ணை அழுத்தி, கண்ணில் நீர் தளும்ப, போனைத் தலைவன் பக்கம் நீட்டினாள். வானோர் செவி சாய்க்க, எண்திசையும் மூச்சடக்க, காலையில் உரைத்த வஞ்சினம் தலைகுனிய, தலைவன் அதைக் காதில் வைத்தான்.

“மாப்ள, ஸ்பேனர் வண்டிலயேதான் இருக்கு, நான்தான் சீட்டுக்கு அடியில போட்டிருக்கேன், ராத்திரி சாப்பிட வந்துரு” என்றான்.