முப்பத்தேழாம் நம்பர் ஆள்

அஸ்தினாபுரம்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த யூனிஸ் அக்காவுக்கு, தம்பி எட்மண்ட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆண்டவர் பார்த்துக்கொண்டிருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். டெனிஸ் அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் இந்த வீட்டில் நான் எங்கே நின்று பேசினாலும் உன் மருமகள் ஜெரூஷா காதில் விழும். இது அவள் காதில் விழக்கூடாத சமாசாரம்.

அவள் கவுன்சலிங் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்டி பண்ணுவது உனக்குத் தெரியும். என்ன ஆராய்ச்சி என்று நீ கேட்டபோது மழுப்பினேன், இப்போது மனப்பாடமாகிவிட்டது. பிறர் கவலையைக் கேட்கிற கவுன்சலர் நிம்மதியாக இருந்தால் அவரிடம் வருகிறவரும் தேறுவாரா, இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற உறவு அதற்கு எவ்வளவு உதவுகிறது, இதுதான். நாற்பது கவுன்சலர், ஆளுக்கு ஒரு கிளையன்ட், வாராவாரம் தனித்தனியே படிவம் நிரப்பவேண்டும், பெயர் கிடையாது, நம்பர்தான். சாப்பிட்டீர்களா தூங்கினீர்களா என்று நாற்பது பேரைக் கேட்கிற இவள் சாப்பிடுவது ஒரு இட்லி, அதுவும் நின்றுகொண்டே. ஏனம்மா என்றால், "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்பாள். அவள் அம்மா ஜோவிதா கண்ணை மூடி இந்த இரண்டு வருஷத்தில் எங்கள் வீட்டுப் பேச்சு அந்த மாத்திரை சைஸுக்கு வந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் போனில் யாரிடமோ அழுகிறாள். "முப்பத்தேழாம் நம்பர் கிளையன்ட் நின்னுட்டாங்க மேடம், வேற ஆள் கிடைக்கலைன்னா ஒரு சேப்டரே போச்சு." குரோம்பேட்டையில் ஒரு சென்டர், கவுன்சலர் பெயர் சுந்தர்சிங் என்பதும் காதில் விழுந்தது. பெற்ற மனசு சும்மா இருக்குமா? ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் ஜெயவேலு என்று பெயர் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். "ஜெயவேலு சார்" என்று கூப்பிட்டபோது நானும் மற்றவர்களோடு சேர்ந்து அந்த ஜெயவேலுவைத் தேடினேன்.

சுந்தர்சிங்குக்கு முப்பது வயசு இருக்கும். "சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?" என்றான். அப்போதுதான் உறைத்தது அக்கா, பிரச்சினை ஒன்றும் கொண்டுபோகவில்லை! முப்பத்திரண்டு வருஷம் தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டரில் "அடுத்து, அடுத்து" என்று மட்டும் பேசியவன் நான். தூக்கம் வரலை என்று ஏதோ உளறினேன். அவன் எழுதிக்கொண்டே கொட்டாவி விட்டான். "சாப்பிட்டியாப்பா?" என்றேன். "இல்ல சார், காலைல இருந்து நீங்க ஏழாவது ஆளு" என்றான். என் பையில் தயிர்சாதம் இருந்தது, கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே அவன் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். மனைவிக்கு மறைமலை நகர் கம்பெனியில ஷிப்ட்டாம், ஒரே வூட்ல இருந்துகினு வாட்ஸப்லதான் குடித்தனமாம். வாராவாரம் போனேன், வாராவாரம் கேட்டேன். படிவத்தில் எல்லாத்துக்கும் வாராவாரம் ஒவ்வொரு மார்க்கா ஏத்திப் போட்டுட்டேன், பாவம் பையன்.

நாலாவது வாரம் அவன் சோற்றுப் பாத்திரத்தை மூடி வெச்சுட்டு, "சார், இன்னிக்கு நான் பேசமாட்டேன். வீட்ல உங்ககூட யாரு பேசுவாங்க?" என்று கேட்டான். என்னமோ தெரியலக்கா, என் பொண்ணு ஊர்ல இருக்கிற அத்தனை பேர் கதையும் கேட்கிறா தம்பி, என் கதைக்கு மட்டும் அவளுக்கு நேரம் இல்லன்னு சொல்லி, ஒரு டவல் நனையுற அளவுக்கு அழுதேன். அன்னிக்குத்தான் நிஜமாவே தூங்கினேன்.

இப்போ கேளு. நேத்து சாயங்காலம் ஜெரூஷா குதிச்சுகிட்டு வர்றா. "அப்பா, முப்பத்தேழாம் நம்பரைப் பாருங்களேன்! கவுன்சலர் மார்க்கும் ஏறுது, கிளையன்ட் மார்க்கும் ஏறுது, இந்த மாதிரி உறவு வேற யார்கிட்டயும் இல்ல. அடுத்த வாரம் யுனிவர்சிட்டியில இதைத்தான் பேசப்போறேன்!" என்று உட்கார்ந்து மூணு தோசை சாப்பிட்டா. மூணு! எப்படிச் சொல்லுவேன்? சொன்னா சேப்டர் போச்சு. சொல்லலைன்னா என் பொண்ணு பெரியவங்க முன்னால நின்னு, அப்பன் சொன்ன பொய்யைப் படிப்பா. விடிஞ்சதிலிருந்து ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்து கால் வீங்கிப்போச்சு. நீ ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வந்து, நான் வெளியே போனப்புறம் பக்குவமா அவகிட்ட சொல்லிரு. உன் பேச்சுக்கு அவ கட்டுப்படுவா.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். பேரப்பிள்ளைகள் ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க என் ஜெபம்.

அன்புத் தம்பி,
எட்மண்ட்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஜெரூஷா காபியோடு வந்தாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "எத்தனை மாச வேலைப்பா! என்னைக் கேட்டீங்களா?" என்று டம்ளரை வைத்த வேகத்தில் கடைசிப் பக்கம் நனைந்துவிட்டது, மன்னிக்கவும். பட்டியலிலிருந்து முப்பத்தேழை அடித்துவிட்டாள். அப்புறம், "முன்பின் தெரியாத ஆள்கிட்ட அழுதீங்க, என்கிட்ட ஏன் அழல?" என்று கேட்டாள். நீ கேட்டியா என்றேன் நான். கேட்டா அம்மா பேச்சு வரும், வந்தா என்னால தாங்க முடியாது என்று அவளும் கத்தினாள். இரண்டு மணி நேரமாகிறது, இன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் அக்கா. நாங்கள் இன்னும் சண்டை போட்டு முடிக்கவில்லை.