மாமாவின் கண் மருந்தும் அட்சயாவின் விற்றமினும்

அன்பும் மதிப்பும் மிக்க பாக்கியராசா மாமா அவர்கட்கு,

மோர்னிங்சைட்டிலிருந்து மருமகன் வாகீசன் வணக்கத்துடன் எழுதுவது. பிறம்ரனில் டிலக்சன் வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். மகன் வீடு, இருப்பீர்கள்தானே. என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அதிலும் நியாயம் உண்டு. ஆகவே இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று: உங்கள் பேத்தி அட்சயா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். இரத்தத்தில் ஏறியிருந்த கல்சியம் இறங்கிவிட்டது. சிறுநீரகத்தில் ஏதும் படிந்திருக்கிறதா என்று மட்டும் இன்னும் பார்க்க வேண்டுமாம்.

அன்றைக்கு நடந்தது உங்களுக்கும் தெரியும். நாலு மாதப் பிள்ளை பாலை மறுத்து, குடித்த கொஞ்சத்தையும் சத்தியெடுத்து, அழவும் தெம்பில்லாமல் என் தோளில் துணி மாதிரிக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றக் கையில் நரம்பு அகப்படாமல் தலையில் தேடினார்கள். டொக்டர் நடாஷா வந்து, பிள்ளையின் உடம்பில் விற்றமின் டி அளவுக்கு மிஞ்சிக் கல்சியத்தை ஏற்றியிருக்கிறது, வீட்டில் யார் மருந்து கொடுப்பது என்று கேட்டார். "நான் மட்டுந்தான்" என்றாள் உங்கள் மகள் துர்க்கா. எனக்கோ மூளை வேலை செய்யவில்லை. நீங்கள் காலையில் கதவைச் சாத்திவிட்டுச் சின்னப் போத்தல் ஒன்றைத் திறப்பதைக் கண்டிருந்தேன். "உங்கட மட்டக்களப்பு நாட்டு வைத்தியத்தை இஞ்சையும் காட்டினீங்களோ?" என்று கத்தி, உங்கள் சட்டைப்பைக்குள் கைவிட்டு அதைப் பிடுங்கி டொக்டரிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு, இது கண்ணுக்கு விடுகிற மருந்து என்றார். தாதிமார் இருவர் மற்றப்பக்கம் திரும்பினார்கள்; சிரித்தார்களோ தெரியாது. நீங்கள் போத்தலை வாங்கிக்கொண்டு, டிலக்சனை வரச்சொல்லி அவன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பிள்ளையின் முதல் விற்றமின் போத்தல், குழாய் நிறைய இழுத்துக் கொடுக்கிற மருந்து. அது முடிய வாங்கியது, ஒரு சொட்டே போதுமான கடும் மருந்து. துர்க்கா லேபிளை வாசிக்காமல் பழைய குழாயாலேயே நிறைய இழுத்துக் கொடுத்திருக்கிறாள். கீழ்வீட்டுக் குழந்தை சளியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்ததிலிருந்து அவளுக்குப் பயம். "எதிர்ப்புச் சக்தி வரட்டும் எண்டுதானே குடுத்தனான்" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அளவான விற்றமின்தான் பிள்ளையைக் காக்கும், மிஞ்சினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார் டொக்டர்.

ஆகவே மாமா, பிழை முழுக்க உங்கள் மகளுடையது. உங்கள் சட்டைப்பைக்குள் கைவிட்டது மட்டுமே என்னுடையது. மனம் வைச்சுத் திரும்பி வாங்கோ.

உங்கள் கண்களும் எங்கள் பிள்ளையும் நலமாயிருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டும்,
மருமகன் வாகீசன்

பி.கு: துர்க்கா இதை வாசித்துவிட்டாள். அந்தக் கடும் மருந்தைக் கடையில் வாங்கியது நான்தானாம். "எல்லாம் ஒண்டுதான், பழையபடி குடு" என்று சொன்னதும் நான்தானாம். என் உடுப்புப் பெட்டி வாசலில் நிற்கிறது. நீங்கள் இங்கே வர வேண்டாம், மாமா. டிலக்சன் வீட்டில் இன்னொரு கட்டில் கிடக்குமோ?