புரட்டாசி சனிக்கிழமையும் கொரியா கணவாயும்

வெளிநாடு போய்த் திரும்பியவனை முதல் மூன்று மாதம் வாயில் பிளாஸ்திரி ஒட்டி வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால், ஆதரவாகக் கை தூக்கும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. பயிற்சிக்கு என்று கொரியா அனுப்பினார்கள். அங்கே ஏதோ மெஷினைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் விமானத்திலேயே மறந்துபோனது. மனதில் நின்றது ஒன்றுதான். அந்த ஊர் தியேட்டரில் காய்ந்த கணவாய் மீனைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, படம் முடியும்வரை மென்றுகொண்டிருக்கிறார்கள். (நம் ஊரில் அதற்குப் பெயர் கருவாடு. அங்கே ஸ்நாக்ஸ்.)

திரும்பி வந்ததும் நான் உலக தியேட்டர் தீனி நிபுணர் ஆகிவிட்டேன். ஜெர்மனியில் பாப்கார்னுக்குச் சர்க்கரை போடுவார்கள் என்பேன். கொலம்பியாவில் வறுத்த எறும்பு தின்றுகொண்டே படம் பார்ப்பார்கள் என்பேன். (போனது ஒரே நாடு. மற்றதெல்லாம் செல்போனில் படித்தது.) கச்சிராயபாளையத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டும் இதையே சொன்னேன்.

"எறும்பு துன்றதுக்கு எதுக்குடா தியேட்டரு? நம்ம கொல்லையில சும்மா ஒக்காந்தாவே அதுவா வாயில பூரும்" என்றார் அம்மா. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிபுணர் நிறுத்துவாரா?

அப்போது எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எலவனாசூர்கோட்டை சுகந்தி. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதைவிட ஆச்சரியம், அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஆனால் அப்பா இல்லாத பெண், வளர்த்தது பெரியப்பா. அவர் தலையாட்டினால்தான் கல்யாணம். அவரோ, "பையன் கூட ரெண்டு வார்த்த பேசிப் பாக்கணும்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கள்ளக்குறிச்சியில் ஒரு படம் பார்க்கலாம், பேசினது மாதிரியும் ஆகும் என்று யோசனை சொன்ன மகா புத்திசாலி நான்தான்.

சனிக்கிழமை மத்தியான ஆட்டம். ஸ்ரீபெரும்புதூர் ரூமிலிருந்து நேராக வந்து இறங்கினேன். அம்மா டவுன் பஸ்ஸில் வந்திருந்தார், பை நிறைய அவித்த மல்லாட்டையோடு. (வேர்க்கடலைதான்.)

"மானத்த வாங்காதம்மா. தோல உரிச்சி உரிச்சி கீழ போடுவ, அவங்க இன்னா நெனப்பாங்க?" என்று பையைப் பிடுங்கி சைக்கிள் ஸ்டாண்டில் கொடுத்துவைத்தேன்.

சுகந்தியோடு பெரியப்பா வந்தார். தலையில் உருமால் கட்டு, நெற்றி முழுக்கப் பளிச்சென்று நாமம். ஊரில் பஜனைக் கோஷ்டிக்கு அவர்தான் தலைவராம். நல்ல பக்திமான் என்று மனசுக்குள் பாராட்டினேனே தவிர, இந்த மரமண்டைக்கு அதற்கு மேல் எதுவும் உறைக்கவில்லை.

இடைவேளை முடிந்து விளக்கை அணைத்தார்கள். கொரியாவிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்த பாக்கெட்டைப் பிரித்து, பக்கத்திலிருந்த பெரியப்பாவிடம் பவ்யமாக நீட்டினேன்.

"இன்னா தம்பி இது, நார் நாரா கீது?"

"கொரியா ஐட்டம் மாமா. அங்க தியேட்டர்ல எல்லாரும் இதான் சாப்புடுவாங்க."

மென்றார். சப்புக்கொட்டினார். பிறகு, "இனிப்பும் கீது, உப்பும் கீது. காஞ்ச மாங்கா மாதிரி நல்லாத்தான் கீது. இன்னும் ரெண்டு குடு மாப்ள" என்றார்.

மாப்ள! அந்த ஒரு வார்த்தையில் நான் வானத்தில் மிதந்தேன். பாக்கெட்டையே அவர் மடியில் வைத்துவிட்டேன்.

ஏசி தன் வேலையைச் செய்தது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"எவன்யா அவன்? பொரட்டாசி சனிக்கெழம அதுவுமா கருவாடு துன்றவன்?"

பெரியப்பாவின் தாடை அப்படியே நின்றது.

"மாப்ள... இது இன்னா?"

"கணவாய்ங்க மாமா."

"கடல்ல கீதே, அதுவா?"

"அதேதாங்க."

அதற்குள் எலி செத்துக்கிடக்கிறது என்று யாரோ கத்த, படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார்கள். அந்த வெளிச்சத்தில் பெரியப்பாவைப் பார்த்தேன். மேலே நாமம். கீழே வாயோரம் ஒரு கீற்று தொங்கிக்கொண்டிருந்தது. துப்பினால் தியேட்டரே பார்க்கும். விழுங்கினால் பெருமாள் பார்ப்பார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பெருமாளே பரவாயில்லை என்று விழுங்கிவிட்டார்.

டார்ச் லைட்டோடு வந்த தியேட்டர் ஆள், "யாருங்க அது?" என்றார். பெரியப்பா மடியில் இருந்த பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து நின்றேன். "நான்தாங்க." சுகந்தியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அரங்கம் மொத்தமும் என் பரம்பரையை விசாரித்து முடிக்க, என்னை வெளியே அனுப்பினார்கள்.

கூடவே அம்மாவும் வந்தார். சைக்கிள் ஸ்டாண்டில் பையை வாங்கி, ஒரு மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "இது நாறுமாடா?" என்று கேட்டார். நானும் ஒன்றை எடுத்து உரித்தேன்.

அடுத்த வாரம் முழுக்க எலவனாசூர்கோட்டையிலிருந்து போன் இல்லை. எல்லாம் போச்சு என்று லீவு போட்டு அம்மா வீட்டில் கிடந்தபோது, பெரியப்பா தனியாக வந்து இறங்கினார்.

"சம்மந்தம் வேணாம்னு சொல்லிப்புட்டுப் போலாம்னுதான் பொறப்பட்டேன்" என்றார். "பஸ்ல வர சொல்லோதான் யோசன வந்துச்சி. ஏன் வேணாம்னு ஊரு கேக்குமில்ல? பஜன கோஷ்டிக்காரன் நான் இன்னான்னு சொல்லுவேன்?"

அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று பெரியப்பா நினைத்திருப்பார். எனக்குத் தெரியும், சிரிப்பு.

"அதனால கண்ணாலம் நடக்கட்டும். ஆனா பெருமாளுக்குப் பதில் சொல்லியாவணும். குடுத்தது நீ, துன்னது நான். ரெண்டு பேரும்தான் மொட்ட போடணும்." உருமாலை அவிழ்த்தார். வழுக்கைத் தலை பித்தளைத் தவலை மாதிரி பளபளவென்று இருந்தது. "எங்கிட்ட குடுக்கறதுக்கு ஒன்னும் இல்ல மாப்ள. ரெண்டு பேருக்கும் சேத்து நீயே குடுத்துடு."

ஐப்பசியில் முகூர்த்தம். ஒட்ட வழித்த தலையில் மாப்பிள்ளைத் தலைப்பாகை நிற்கவே மாட்டேன் என்றது. தாலி கட்டக் குனிந்தபோது அது சுகந்தியின் மடியில் விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பை வீடியோக்காரர் பாட்டுப் போட்டு இழுத்து இழுத்துக் காட்டியிருக்கிறார். கேட்டவர்களிடமெல்லாம் பெரியப்பா, "மாப்ளைக்கு ரொம்ப பக்தி" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

போன வாரம் என் மகள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாள். "அம்மா, ரெண்டு மொட்ட நிக்கிதே, இதுல அப்பா எது?"

சுகந்தி எட்டிப் பார்த்தாள். "தலயத் தடவிக்கினு நிக்கிறது அப்பா. வாயத் தொடச்சிக்கினு நிக்கிறது தாத்தா."